கன்னத்தில் விழுந்த சொட்டு மருந்து

கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாளிலிருந்து எதிர்வீட்டு அக்காதான் எனக்குச் சொட்டு மருந்து விட்டார். ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருவர்தான், இருவரும் தனிக்கட்டை. அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. எனக்கு இரண்டு குறைவு. உப்பிலியபுரத்துக்காரரான அவருக்கு எழுதப் படிக்க வராது. மாதம் ஒருமுறை தில்லைநகருக்குச் சர்க்கரை டாக்டரிடம் அவரை அழைத்துப்போவதும், டாக்டர் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்வதும் என் பொறுப்பு.

நான்காம் நாள் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது மூக்கில். மூன்றாவது விழுவதற்குள் குப்பியின் நுனி இமையில் இடித்தது.

"அசையாதீங்க டீச்சர்."

நான் அசையவேயில்லை. அவருடைய வலது கை நடுங்கியது.

நுனி கண்ணில் படவே கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புண்ணாகிப் பார்வை போய்விட்டால்? அதைவிட, இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? மறுநாள், "நானே விட்டுக்கிட்டேன்க்கா, பழகிடுச்சு" என்று பொய் சொன்னேன். உண்மையில் பாதி மருந்து கழுத்தில் வழிந்திருந்தது. "அப்படியா, நல்லது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் சர்க்கரை டாக்டரிடம் போகவேண்டிய நாளில் அக்காவின் வீடு பூட்டியிருந்தது. போனை எடுக்கவில்லை. பஸ் போர்டைக்கூட அவரால் படிக்க முடியாதே! பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கறுப்புக் கண்ணாடி வழியே தெருவில் வந்த புடவையெல்லாம் அவராகத் தெரிந்தது.

இரண்டு மணிக்கு வந்தார், முகமெல்லாம் வேர்த்து.

"எங்கக்கா போனீங்க, சொல்லாம கொள்ளாம?"

"டாக்டர்கிட்டதான். பஸ் மாறி ஏறி பாலக்கரையில இறங்கி, கேட்டுக் கேட்டுப் போயிட்டு வரேன்." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என் கை உங்களுக்கு வேணாம்னா, நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிடறது?"

உள்ளதைச் சொன்னேன். நடுக்கத்தை, என் பயத்தை, பொய்யை. அவர் வலது கையை மடியில் அமுக்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை."

அன்று மாலை அவர் இடது கையால் என் இமையை விரித்துப் பிடித்தார். அது நடுங்கவில்லை. குப்பி என் கையில். "இன்னும் இந்தப் பக்கம்... ஆங், விடுங்க." மருந்து கண்ணுக்குள் விழுந்தது.

திங்கட்கிழமை நரம்பு டாக்டரிடம் சேர்ந்து போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "இடது கைக்கும் வந்துடுமா டீச்சர்?"

"அதெல்லாம் வராதுக்கா" என்றேன். டாக்டரிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.