கடிதத்துக்கு ஒரு சாரைப்பாம்பு

ஈரச் சாக்கின் புழுங்கல் வாடைதான் முதலில் வந்தது. பிறகுதான் வகுப்பு வாசலில் நின்ற காசியை, என் வகுப்புத் தோழி செல்வியின் அப்பாவைப் பார்த்தோம். மயிலத்துக்கு அருகே எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊரில் 'மல்லாட்டை' எனப்படும் நிலக்கடலை பிடுங்கும் பருவம். ஏரிக்கரை இருளர் குடிசைகளிலிருந்து அந்த வகுப்புவரை வந்து சேர்ந்தவள் செல்வி ஒருத்திதான். திண்டிவனத்து விடுதியில் தங்கி மேலே படிக்க அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் தர வேண்டும். முந்தைய வாரம் அதைக் கேட்டு வந்த காசியிடம் அவர், "பாம்பு புடிக்கத் தெரியாதவன் என்னடா இருளன்? ஒண்ணு புடிச்சாந்து காட்டு, எழுதித் தர்றேன்" என்று சொல்லி எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாங்கள் சிரித்தோம். பெரிய மனிதர்கள் சொல்வதெல்லாம் உத்தரவு என்றே பழகியிருந்த காசிக்கு அது கேலி என்று தெரியவில்லை.

காசி சாக்கை அவிழ்த்தார். சாரைப்பாம்பு. வலக்கையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"நான் செங்கச் சூளையில கல்லு அறுக்கறவன் சாமி, இதெல்லாம் பழக்கமில்ல. நாலு நாளா தேடிக்கினு இருந்தேன். கடிச்சிடுச்சி. லெட்டர் குடுங்க சாமி."

பெஞ்சின் மேல் ஏறி நின்ற தலைமையாசிரியர், "ஸ்கூலுக்குள்ள பாம்ப எட்டாந்திருக்கியே, மூள இருக்காடா? ஜல்தியா வெளிய போ!" என்று கத்தினார். கடிதம் கிடைக்கவில்லை. செல்வி பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள், பிறகு வரவேயில்லை. வருகைப் பதிவேட்டை அலுவலக அறைக்குக் கொண்டுபோவது என் வேலை; அவள் பெயருக்கு நேரே 'தொழில் நிமித்தம் இடம்பெயர்ந்தார்' என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். அது பொய் என்று வீட்டில் சொன்னபோது என் அப்பா, "நமக்கேன்டா அந்த பேஜாரு?" என்றார்.

சென்ற மாதம் திண்டிவனத்தில், பழங்குடிப் பிள்ளைகளை மதிப்போடு நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பிற்பகலில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். இருளர் மாணவனாக நடிக்க முன்வந்த ஆசிரியர் முதல் வேலையாகத் தன் தலைமுடியைக் கலைத்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சார், எலி புடிக்கப் போணும் சார்" என்றார். அரங்கம் கைதட்டியது. "சூப்பர் சார், அப்படியே இருக்கு" என்றார் பயிற்றுநர்.

எங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. ஏரிக்கரைக் குடிசைகள் இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கற்கள். செல்வி எங்கே இருக்கிறாள் என்று சொல்ல ஊரில் யாருமில்லை. படித்திருந்தால் அவளும் ஆசிரியையாகி அந்த அரங்கில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடும். அந்த ஆசிரியர் தலைமுடியைக் கலைக்கக் கூசியிருப்பார்.