நோவு இல்லை என்று எழுதிய பன்னிரண்டு பேர்

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை ஓடவைத்துச் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு, ஓடும்போது எங்கே நோகிறது என்று கேட்டு எழுதும் வேலை வந்து சேர்ந்தது. முதல் வேலை தொண்டைக்கு, இரண்டாவது வேலை காதுக்கு. படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள்: ஆட்கள் நமக்குச் சொல்லும் முதல் பதில், நம்மை வாசலோடு அனுப்பிவைக்கும் பதில். உண்மை அதற்குப் பின்னால் எங்கேயோ குந்தியிருக்கும். அது எழுந்து வரும்வரை நிற்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நேர்முகப் பரீட்சை

எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் டொக்டர் நிரோஜாவின் வயதுதான் இருக்கும். விளையாட்டு மருத்துவம் படித்துவிட்டு, வலைப்பந்து ஆடும் பாடசாலைப் பிள்ளைகளின் முழங்கால்களை ஆராய வந்தவர். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாது. அந்தரத்தில் பிடித்து, கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்த நிற்றலில்தான் முழங்கால் திருகிக்கொள்கிறது. மெதுவாக இறங்கவும் ஒற்றைக் காலில் நிலைக்கவும் பழக்கும் பயிற்சிகளை ஆட்டத்துக்கு முன் செய்தால் காயம் குறையும் என்று வெளிநாடுகளில் சொல்கிறார்கள். அது புல்லும் சப்பாத்தும் உள்ள மைதானங்களில். எங்கள் மணலில், வெறுங்காலில் என்ன நடக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி.

பாடசாலைகளுக்குள் போய்வர அவருக்கு ஊருக்குத் தெரிந்த ஒரு முகம் தேவைப்பட்டது. மட்டக்களப்பில், வாவிக்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பின்னேரம் வந்தார். காயங்களைப் பற்றி என் அனுபவத்தைக் கேட்டார். நான் நிமிர்ந்து இருந்துகொண்டு, என் அணிகளில் ஒரு பிள்ளைக்கும் காயம் வந்ததே இல்லை என்றேன். அவர் அதை எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

“ரீச்சர், ஒருத்தருக்கும் காயம் வரல்லயா, இல்லாட்டி ஒருத்தரும் உங்களிட்டச் சொல்லல்லயா?”

ஏறாவூரில் கால்கள் மட்டும்

பரிசோதனை எளிமையானது. பிள்ளை ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நிற்பாள். கீழே ஒரு கோடு. குதித்து, இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி, நிற்க வேண்டும். முழங்கால் நேரே மடிகிறதா, உள்பக்கம் சரிகிறதா என்று டொக்டர் கைபேசியில் படம் எடுத்துப் பிறகு மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்.

ஏறாவூர்ப் பாடசாலையில் படம் என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார் முகம் மாறியது. அவர்கள் பயம் நியாயமானது. பெண்பிள்ளையின் படம் எந்தக் கைபேசியில் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? டொக்டர் வாதாடவில்லை. கைபேசியைத் தாழ்த்திக் கட்டி, இடுப்புக்குக் கீழே நீளக் காற்சட்டையும் பாதமும் மட்டுமே விழும்படி வைத்து, தாய்மாரையே பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வில் எந்த ஊரிலும் முகங்கள் இல்லை. கால்கள் மட்டும்தான்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு பெயர்களை எழுதுவேன். கல்லூரியில் யாப்புப் படித்தவள் நான். சீர் தப்பினால் காது சொல்லிவிடும். இரண்டு காலும் ஒன்றாக விழுந்தால் ஒரே அசை. ஒரு கால் தயங்கினால் இரண்டு. “இந்தப் பிள்ளை வலக்காலைக் காக்கிறாள்” என்று திரும்பாமலே சொல்வேன். டொக்டர் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் இந்த வயதில் பெற்ற ஒரே பாராட்டு அந்தப் பார்வைதான். அன்றைக்கு, கைபேசிக்குள் குனிந்து நீண்ட நேரம் பார்த்த ஒரு தாய் நிமிர்ந்து சொன்னார்:

“ஆராய்ச்சி செய்றதெண்டா இதயும் செஞ்சி சொல்லுங்க ரீச்சர்: என்ட மகள்ற இந்தக் காலு வீட்டில ஒரு வேலைக்கும் ஒரு எடத்தில நிக்கிதில்ல, அது என்ன வருத்தம்?”

சீட்டு

பயிற்சி பலன் தருகிறதா என்று அறிய, அதைச் செய்யும் பாடசாலைகளும் வேண்டும், செய்யாத பாடசாலைகளும் வேண்டும். எது எது என்று ஆராய்ச்சி செய்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுப் போட்டார்கள். ஏறாவூருக்கு இந்த வருடம் பயிற்சி. கதிரவெளிக்கு அடுத்த வருடம். அதுவரை அங்கே நாங்கள் கிழமைக்கு ஒருமுறை படிவம் நிரப்புவோம், ஒன்றும் சொல்லிக் கொடுக்க மாட்டோம்.

இதை விளக்க நான் கதிரவெளிக்குப் போனேன். மட்டக்களப்பிலிருந்து வடக்கே பேருந்தில் நீண்ட வழி. ஒருபக்கம் வாவி முடிந்து மறுபக்கம் கடல் தொடங்கும் வரை சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். நியாயம், ஒப்பீடு, எல்லோருக்கும் முடிவில் நன்மை. அதிபர் தேநீர் தந்து, எல்லாவற்றையும் கேட்டு, கடைசியில் யன்னலுக்கு வெளியே மணலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டினார்.

“எல்லாம் விளங்குது ரீச்சர். எங்கட பிள்ளையள்ற முழங்காலுக்கும் அடுத்த வருசம் வரைக்கும் பொறுக்கச் சொல்லிப்போட்டுப் போங்க.”

எண்ணெய் வாசனை

கதிரவெளி அணிக்குப் பன்னிரண்டு பேர். பயிற்றுவிப்பவள் ராகினி. ஒரு காலத்தில் என் அணியின் தலைவி. இப்போது என்னைப் போலவே உடற்கல்வி ஆசிரியை. ஓரிடத்திலேயே ஊன்றி நின்று விசிலால் மைதானத்தை ஆண்டாள். அவள் நின்ற விதத்தில் என்னையே கண்டு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

படிவத்தில் முதல் கேள்வி: இந்தக் கிழமை உடம்பில் எங்காவது நோவு உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பன்னிரண்டு பேரும் ‘இல்லை’. அடுத்த கிழமையும் பன்னிரண்டு ‘இல்லை’. அதற்கடுத்த கிழமையும். ஆனால் படிவங்களை வாங்கக் கிட்டப் போகும்போதெல்லாம் எலும்பு முறிவுக்கு மருந்து கட்டும் பரியாரியின் எண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறியது. அது நோவு இல்லாத காலில் பூசும் எண்ணெய் அல்ல. படிவத்தை ஆசிரியை பார்க்க மாட்டா, உறையில் ஒட்டி டொக்டரிடம்தான் போகும், பிரிப்பது அவரும் நானும்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளைகள் பணிவாகத் தலையாட்டிவிட்டு ‘இல்லை’ போட்டார்கள்.

ஏன் என்று ராகினியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“எப்பிடி ரீச்சர் ஆம் எண்டு போடுவாளுகள்? முதல் நாளே சொல்லித்தானே வெச்சிரிக்கன், நோவு எண்டு சொல்றவள் வீட்ட போகலாம் எண்டு. என்ன முழிக்கிறீங்க, உங்கட வசனந்தானே?”

என்னுடைய வசனம்தான். ஓசைக்காகவே அதை வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் எடை சரியாக விழும் வசனம். அதனால்தான் இத்தனை வருடம் கெடாமல் இருந்திருக்கிறது.

ஷர்மிகா

குதிக்கும் பரிசோதனை நாளில், முதுகைக் காட்டியிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு அசை, ஒரு இடைவெளி, மறு அசை. திரும்பிப் பார்த்தேன். ஷர்மிகா. அணியின் நடு ஆட்டக்காரி, பதினேழு வயது. தாய் வெளிநாட்டில் வேலை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். மாகாணப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. மாகாணச் சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

கிணற்றடியில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். சுற்றும் பார்த்துவிட்டு காற்சட்டையை உயர்த்திக் காட்டினாள். வலது முழங்கால் வீங்கி, எண்ணெயில் மினுங்கியது. “சில நேரம் கழண்டு போறமாதிரி இரிக்கி ரீச்சர், மறுகா சரியாகுது” என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். என்னால் சொல்லவும் முடியாது. சொல்ல மாட்டோம் என்று படிவத்தின் தலையிலேயே எழுதி வாக்குக் கொடுத்திருக்கிறோம். பெயர் சொல்லாமல் டொக்டரைக் கேட்டேன். பிள்ளை தானாகச் சொன்னால் அன்றைக்கே வந்து பார்ப்பேன், சொல்லவைக்கப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். இந்தக் காலோடு ஆடினால் உள்ளே இருக்கும் நார் அறுந்து போகலாம், பிறகு ஒருநாளும் ஆட முடியாமல் போகலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் காற்சட்டையை இறக்கிவிட்டாள்.

“உங்களுக்கென்ன ரீச்சர், நீங்க ஆடி முடிச்சிட்டீங்க.”

கதிரை

அடுத்த கிழமை போனபோது, ராகினியிடம் உட்கார ஒரு கதிரை கேட்டேன். அவள் திகைத்துப் போனாள். மைதானத்தில் நான் உட்கார்ந்ததை என் மாணவிகள் ஒருவரும் கண்டதில்லை. மழையிலும் நின்றிருக்கிறேன், காய்ச்சலிலும் நின்றிருக்கிறேன். கதிரை வந்தது. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் பார்க்க, நடு மைதானத்தில் அதில் உட்கார்ந்தேன்.

“எனக்கு இடது முழங்கால் நோகுது,” என்றேன். “இண்டைக்கு நேற்று வந்த நோவு இல்ல. உங்கட ரீச்சருக்குப் படிப்பிச்ச காலத்திலயும் நொந்தது. ‘நோவு எண்டு சொல்றவள் வீட்ட போகலாம்’ எண்டு சொல்லித் திரிஞ்ச நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுற? அந்த வசனத்த உண்டாக்கினது நான்தான். அது பிழை. இண்டைக்கு அதத் திருப்பி எடுக்கிறன்.”

பேருந்தில் வழி முழுக்கப் பாடமாக்கிய பேச்சு அது. வாயிலிருந்து வந்தபோது அதில் ஓசையே இல்லை. பின்வரிசையில் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். ஷர்மிகா கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராகினி பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள். என் அணிக்கு நான் ஆட்டம் முடியும் வரை தண்ணீர் கொடுத்ததில்லை என்பதும் அப்போது ஞாபகம் வந்தது.

பிள்ளைகள் போனபின் ராகினி என் கதிரைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். இடது காலை மடக்கினாள். வலது காலை மடக்கவில்லை; இரண்டு கையாலும் பிடித்து, நீட்டி வைத்தாள். அவள் ஏன் ஓரிடத்திலேயே நின்று விசில் ஊதுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. காதைப் பற்றி அவ்வளவு பெருமை பேசிய எனக்கு, அசையாத காலின் சத்தம் கேட்கவே இல்லை.

“மாவட்டக் கடைசிப் போட்டியில, வெல்ற நேரம், நான் ஒரு காலாலதான் ரீச்சர் ஆடினன். நீங்க என்னக் கட்டிப்பிடிச்சி அழுதீங்க. அந்த நேரம் எப்பிடிச் சொல்லுற?”

கட்டம்

அந்தக் கிழமைப் படிவங்களைப் பிரித்துவிட்டு டொக்டர் நிரோஜா எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஒன்பது ‘ஆம்’. முதுகு, குதிகால், தோள், கணுக்கால். “ரீச்சர், பயிற்சி ஏதும் சொல்லிக் குடுத்தீங்களா? குடுத்தா என்ட ஆராய்ச்சி பிழையாப் போகும்” என்றார். இல்லை, ஒரு கதிரையில் இருந்தேன், அவ்வளவுதான் என்றேன். பிறகு, முதல் மூன்று கிழமைப் படிவங்களையும் நம்ப முடியாது என்று ஆய்வேட்டில் எழுதத்தான் வேண்டும் என்றார். வருத்தமாகச் சொன்னார், ஆனால் எழுதினார். எனக்கு அவரில் மதிப்பு வந்தது அப்போதுதான்; என் முப்பத்தொரு வருடத்துக்கு நான் அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

ஒன்பதில் ஷர்மிகாவின் ‘ஆம்’ இல்லை. அது அதற்கடுத்த கிழமை வந்தது, பென்சிலால், அழித்தால் அழியும்படி. டொக்டர் அன்றைக்கே புறப்பட்டார். நார் பாதி கிழிந்திருந்தது; முழுதாக அறுந்துவிடவில்லை. மாதக்கணக்கில் ஓய்வும் பயிற்சியும். திரும்ப ஆட நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் இந்தப் போட்டி இல்லை. ராகினி அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அணிச் சட்டையோடு மாகாணப் போட்டிக்குக் கூட்டிப்போய், கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு இருத்தினாள். அணி அரையிறுதியில் தோற்றது. ஷர்மிகா ஆடியிருந்தால் வென்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சான்றிதழ் இல்லாமல் அவள் திரும்பி வந்தாள். என்னோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் படிவம் நிரப்புகிறாள். போட்டி முடிந்த கிழமை அவளுடைய உறையைப் பிரித்தேன். முழங்காலுக்கு நேரே ‘குறைவு’ என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே, கட்டங்கள் முடிந்து வெள்ளைத் தாள் தொடங்கும் இடத்தில், இந்தமுறை பேனையால் எழுதியிருந்தாள்:

“கதிரையில இருந்து பாக்கிறது நோகுது. அதுக்கு எந்தக் கட்டம் ரீச்சர்?”

அப்படி ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி டொக்டருக்கு எழுதினேன். அவர் நல்ல யோசனைதான் என்று ஒத்துக்கொண்டு, தாளில் இடம் போதாது என்று பதில் அனுப்பியிருக்கிறார்.