வரிச் சண்டையும் கென் வீட்டுக் கொடியும்

நாளைக் காலை பத்து மணிக்கு வரலாமா, உங்களுக்குச் சௌகரியப்படுமா என்று கென் செல்போனில் கேட்டு எழுதியிருக்கிறார். கென் எங்கள் வீட்டுக்காரர். அடுத்த தெருவில் இருக்கிறார். வீடு அவருடையது, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். தன் வீட்டுக்கு வருவதற்குத் தானே அனுமதி கேட்கிறார். வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடுகிற வரை நிற்பார். தேனியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார். போகிறபோது அடுப்பில் என்ன குழம்பு என்றும் பார்த்துக்கொள்வார். அவரும் நல்ல மனுசர்தான். ஆனால் அவர் வந்துபோன பிறகு அது நம் வீடில்லை என்று தெரியும். இங்கே கென் அனுமதி கேட்கிறபோதெல்லாம் இது என் வீடுதானோ என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தால் ஒரு தடவை பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டம்தான். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். மில்துரா என்கிற ஊர். ஊரைச் சுற்றித் திராட்சை. ஒரு அக்டோபர் மாசம் வந்து இறங்கினோம். வாடகை வீடு கிடைக்காமல் இரண்டு மாசம் கேரவன் பார்க்கில், சக்கரம் வைத்த பெட்டி வீட்டில் இருந்தோம். வீடு கேட்டுப் போன இடத்தில் எல்லாம் எங்களுக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். கென் மட்டும் ஸ்டெல்லாவிடம் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். தன் மனைவி மார்கரெட் கடைசியாக இருந்த ஆஸ்பத்திரி அதுதான் என்று சொன்னார். சாவியைக் கொடுத்தார்.

பின்பக்க வேலியோரம் ஒரு திராட்சைக்கொடி இருந்தது. சுல்தானா ரகம். மார்கரெட் வைத்தது. ஒரே தண்டு, இடுப்புயரத்தில் இரண்டு கையாகப் பிரிந்து, வலமும் இடமும் கம்பியில் நீண்டு கிடந்தது. இங்கே எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். நம் பக்கத்தில் கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி பின்னி, பந்தலில் விடுவோம். காய் மேலிருந்து தொங்கும். அண்ணாந்து வேலை செய்து செய்து பிடரி வலிக்கும். இங்கே குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது. வலிக்கிற இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் கூலிக்குப் போன தோட்டத்தில் பிப்ரவரியில் அறுவடை. விடியும்போது தொடங்கி மதியம் வெயில் ஏறும் முன் முடித்துவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கென் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். மதியம் இரண்டு மணிக்கு அவர் டிவியில் பார்லிமெண்ட் ஓடும். கேள்வி நேரம் என்று சொல்வார்கள். சத்தம் தெரு வரை கேட்கும். ஒருநாள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கு வருமான வரியில் ஒரு சலுகை இருக்கிறதாம். வீட்டை விற்கிறபோது வருகிற லாபத்துக்கும் ஒரு சலுகையாம். இரண்டையும் குறைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. குறைத்தால் நாடு கெட்டுவிடும் என்று இன்னொரு கட்சி. எதிரெதிரே உட்கார்ந்து கத்துகிறார்கள். நடுவில் சபாநாயகர் எழுந்தால் அப்படியே அடங்குகிறார்கள். ஒருவரை வெளியே போகச் சொன்னார். அந்த ஆள் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

“ஏலே, அம்புட்டுத்தானா? வேட்டி கீட்டிய உருவலையா?” என்றார் அப்பா.

வேட்டி இல்லை, கோட்டு என்றேன். அப்பாவுக்கு ஏமாற்றம்தான்.

எனக்கு அந்தச் சண்டையில் ஒரு குழப்பம் இருந்தது. சட்டம் வந்தால் நிறையப் பேர் வீட்டை விற்பார்கள், விலை இறங்கும், வாடகைக்கு இருக்கிறவனும் ஒருநாள் வீடு வாங்கலாம் என்று ஒரு பக்கம் பேசினார்கள். அது என்னைப் போன்றவனுக்காகப் பேசுகிற பேச்சு. இன்னொரு பக்கம் பேசியது கென்னுக்காக. நான் கென் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கென் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, யார் பக்கம் தலையாட்டுவது? ஊரில் எனக்கு ஓட்டு இருக்கிறது, அங்கே வருமான வரி கட்டியதே இல்லை. இங்கே வாரா வாரம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், ஓட்டு இல்லை. டீயைக் குடித்தேன்.

மார்ச் தொடக்கத்தில் கென் சொன்னார். சட்டம் வந்தால் எங்கள் வீட்டை வைத்திருந்து அவருக்குப் பிரயோசனம் இல்லை, அதற்குள் விற்றுவிட வேண்டியிருக்கலாம். என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சொன்னார். நான் சரி என்றேன். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த துணியை மறுபடியும் மடித்தாள். திரும்பவும் கேரவன் பார்க்குக்கா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து கத்தரியை எடுத்தேன். நம் பக்கத்தில் காய் அறுத்துக் கொஞ்ச நாள் விட்டுக் கவாத்து செய்வோம். ஒரு இலை மிச்சம் இருக்காது. கொடி எலும்பாக நிற்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் விட்டுத் துளிர்க்கும், நாலாம் மாசம் அடுத்த காய். வருசத்துக்கு இரண்டு காய்ப்பு, சில வருசம் மூன்று. பின்பக்கக் கொடியில் காய் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைச் சும்மா விட என் கை கேட்கவில்லை. விற்றால் விற்கட்டும், இருக்கிற வரை செடியைப் பட்டினி போடக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு கையையும் மொட்டையாக வெட்டிக் குப்பையைக் கூட்டி ஓரமாகக் குவித்தேன். அந்தக் கொடியை வெட்ட யாரிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த நாட்டில் நான் ஒரு கவாத்துக் காலத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் கென் வந்தார், முறைப்படி கேட்டுக்கொண்டுதான். கூரைத் தகரத்தின் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்தவர் கொடியைப் பார்த்தார். இலைக் குவியலைப் பார்த்தார். ஏன் என்றார். இதுதான் நல்லது என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவர் முகம் சிவந்தது. பூட்ஸ் கயிற்றைக் கட்டாமலே போய்விட்டார். இரண்டு நாளில் ஒரு கடிதம் வந்தது. இனி வீட்டு விசயம் எல்லாம் ஏஜெண்ட் மூலம் என்று இருந்தது. மதியம் அந்த வீட்டைத் தாண்டினால் டிவி சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்க கென் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஸ்டெல்லாதான் நேராகக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

“ஏங்க, வீட்ட விக்கிறேன்னு சொன்ன கோவத்துல நீங்க கொடிய வெட்டிப்புட்டீகன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு அந்த மனுசன். ‘என்னைத் திட்டியிருக்கலாமே, அவ செடி என்ன செஞ்சுச்சு’ன்னு கேக்குறாரு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

என்னை யாரும் அப்படிச் சொல்லியதில்லை. கோபத்தில் கொடியை வெட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் ஒரு வரிச் சண்டை வந்தது. பஞ்சாயத்தில் வீட்டு வரியை ஏற்றினார்கள். சித்தப்பா ஏற்றிய கட்சியில் இருந்தார், அப்பா எதிர்க்கட்சி. டீக்கடையில் தொடங்கியது தோட்டத்துக்கு வந்தது. இருவருக்கும் பொதுவான ஒரே பந்தல். சித்தப்பா வெட்டுக்கத்தியோடு வந்து வரப்புக்கு நேராகக் கம்பியை நறுக்கினார். குறுக்கே கிடந்த கொடியையும் சேர்த்து வெட்டினார். பந்தல் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டித்தான் நிற்கும். நடுவில் அறுத்ததும் அவர் பக்கமும் சரிந்தது, எங்கள் பக்கமும் சரிந்தது. காய் மண்ணில் கிடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஆறு வருசம் பேசிக்கொள்ளவில்லை. அந்த வரி என்ன ஆனது என்று இன்றைக்கு இருவருக்குமே ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலமே கென் வீட்டுக் கதவைத் தட்டினேன். அனுமதி கேட்டு எழுதவில்லை. அவர் கதவைத் திறந்ததும் போனை நீட்டினேன். ஊரில் அப்போது முற்பகல். அப்பா தோட்டத்தில் இருந்தார். வீடியோவில் பந்தலைக் காட்டச் சொன்னேன்.

“யாருலே இந்தத் தொர? முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாரு?” என்றார் அப்பா. விசயத்தைச் சொன்னேன். “அட, செடி சாகாதுன்னு சொல்லு. இங்கன பாரு, போன வாரம் மொட்டையா நின்னுச்சு. இப்பக் கண்ணு விட்டிருக்கு. தொரையப் பாக்கச் சொல்லு.”

போனை ஒரு கணுவின் மேல் வைத்தார். பச்சை முளை. அடுத்து பக்கத்துப் பந்தலைக் காட்டினார், அதில் கறுப்புக் காய் தொங்கியது. ஒரே நாளில், ஒரே ஊரில், மொட்டையும் காயும். கென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே எவ்வளவு குளிரும் என்று கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன்.

“குளிரா? மார்கழியில சட்டையப் போட்டுக்கிருவோம்.”

கென் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாக எனக்குப் புரியும்படி சொன்னார். இங்கே ஜூனில் புல்லெல்லாம் வெள்ளையாக உறையும். கொடி தூங்கப் போகிற நேரம் இது. நீ எழுப்பிவிட்டுவிட்டாய். வருகிற தளிர் கருகும். சுல்தானாவை இப்படிக் குட்டையாக வெட்டினால் அடுத்த கோடையில் காயும் வராது.

அது அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை. முப்பது வருசம் கத்தரி பிடித்தவன் நான். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, என்னுடையதும் என்றார்.

ஊரில் போலவே, வெட்டிய பன்னிரண்டாம் நாள் கண் விட்டது. தளிரைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகச் சந்தோசம் வரவில்லை. மே மாசக் கடைசியில் கென் பழைய போர்வைகளோடு வந்தார். இரண்டு பேரும் கொடிக்குப் போர்த்திக் கட்டினோம். இருந்தும் ஜூனில் பாதிக்கு மேல் கருகியது. அந்தக் குளிர் முழுக்க பார்லிமெண்டிலும் அதே பேச்சுதான். ஏற்கெனவே வாடகைக்கு விட்டவர்களை விட்டுவிடலாம் என்றார்கள், விடக் கூடாது என்றார்கள், கமிட்டிக்கு அனுப்பினார்கள். ஒருநாள் கென் பாதியிலேயே டிவியை நிறுத்திவிட்டு, கொடியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார்.

செப்டம்பரில் அடிக்கணுவில் புதுக் கண் வந்தது. இரண்டு கையிலும். கென் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க வருகிறவன் முதல் வேலையாக இதைப் பிடுங்கிவிட்டு ஷெட் போடுவான் என்றார். அடுத்த வாரம் வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருசத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். சட்டம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். வரட்டும், கொஞ்சம் கூடுதலாக வரி கட்டுவேன் என்றார். வண்டியில் ஆறு இரும்புத் தூணும் இருந்தது. உன் அப்பா பந்தல் மாதிரி ஒன்று கட்டு, ஆனால் ஒரு கை கம்பியிலேயே இருக்கட்டும் என்றார்.

கொடியை வெட்டிய பிறகு இது இரண்டாவது கோடை. முதல் கோடையில் கென் சொன்னது போலக் காயே இல்லை. வலக்கை கென் சொல்கிற முறையில் கம்பியில் போகிறது. இடக்கை என் பந்தலில் ஏறிவிட்டது. காய் கம்பிப் பக்கத்தில்தான், மூன்று குலை. பந்தலில் இலை மட்டும், ஆனால் நல்ல நிழல். அப்பா வீடியோவில் பார்த்துவிட்டு, இது என்ன ஒரு பக்கம் கம்மல் போட்ட மாதிரி என்றார். சட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. மதியம் கென் ரேடியோவோடு வந்து பந்தலுக்கு அடியில் உட்காருவார். ரேடியோவில் பார்லிமெண்ட்காரர்கள் கத்துவார்கள். அவர் கம்பிப் பக்கத்துக் காயைப் பறித்து எனக்கும் கொடுப்பார்.

சாயங்காலம் நான் தண்ணீர் விடுவேன். குழாயை வலப்பக்கம் பிடிப்பதா இடப்பக்கம் பிடிப்பதா என்று யோசிக்கத் தேவையில்லை. தண்டு ஒன்றுதான். அதன் அடியில் விட்டுவிட்டு நிற்கிறேன்.