முந்தியில் முடிந்த கற்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள் சமயநல்லூர்ப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் சம்சாரி வீட்டு மருமகள். பித்தப்பையிலிருந்து டாக்டரம்மா எடுத்த கற்களைக் கேட்டு வாங்கி முந்தியில் முடிந்திருந்தாள். எந்நேரமும் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே இருப்பாள்.

ஆறு வருஷமாக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், “நடவுன்னா ஒனக்கு வலி வந்துருமே” என்பாளாம் மாமியார்.

அந்த மாமியார் ஒருநாள் பார்க்க வந்தாள். இவள் முடிச்சை அவிழ்த்து, கற்களை அவள் உள்ளங்கையில் கொட்டினாள்.

“எண்ணிப் பாருங்க அயித்தை.”

பதினொன்று இருந்தன. மாமியார் இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு, “இம்புட்டையும் வச்சுக்கிட்டா ஆத்தா நாத்து நட்ட?” என்றாள்.

இவள் கற்களைத் திருப்பி வாங்கி முடிந்துகொண்டாள்.

மறுநாள் எனக்கும் அதே ஆபரேஷன். என் வலியை வெறும் வாயு என்று சொல்லிவந்த வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். குளோரோபாரம் கொடுக்கும் முன் டாக்டரம்மாவிடம், “கல்லைத் தூரப் போட்டுராதீங்க” என்றேன்.