ஈரச்சாக்கும் உமாமியும்

சித்தி கருவாடு பொரிக்கும் முன், ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வாசலை மறைத்துத் தொங்கவிடுவாள். பிறகுதான் அடுப்பில் சட்டி ஏறும். புகை வெளியே போக வழியில்லாமல் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே சுற்றும், இருமிக்கொண்டே சாப்பிடுவோம். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் வரிசைக் குடியிருப்பான லயம் துரையின் பங்களாவுக்கு நேர் கீழே இருந்தது. பொழுது சாயும்வரை காற்று மேல்நோக்கித்தான் அடிக்கும். வாசம் பங்களாவை எட்டினால் காவல்காரர் இறங்கி வந்து, "எவ வீட்டுலடி நாறுது?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். எங்கள் சோற்றுக்கு நாங்கள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போது பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தாள். மழையில் நனையாமல், அட்டைக்கடி இல்லாமல் கூரைக்குக் கீழே நின்று செய்யும் வேலை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு முறை அம்மா காய்ச்சலில் நாக்குச் செத்துக் கிடந்தாள். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு துண்டு கருவாடு இருந்தா எறங்கும்" என்றாள். குசினியிலிருந்து ஓடிவந்த சித்தி அவசரமாகப் பொரித்தாள், சாக்கை மறந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பங்களாவில் பகல் விருந்து, வாசம் விருந்து மேசைவரை போயிற்று. அம்மா இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் காலை துரைசாணி குசினிக்கே வந்து, வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, உன் சேலை நாறுகிறது, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்த நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சித்தி கொழுந்துக் கூடையோடு நின்றாள். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை மலையில்தான்.

அந்தப் பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல். அதன் சாப்பாட்டு அறையில்தான் நான் பரிமாறுகிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த செஃப் ஒரு நாள் எங்களை வரிசையாக நிறுத்தி, இறைச்சிச் சாற்றில் ஊறி நிற்கும் உமாமி என்று ஒரு சுவை உண்டு என்றார். அறுசுவை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எனக்கு அது ஏழாவது. ஜப்பான்காரர் வைத்த பெயராம். இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். செஃப் அதைச் சிங்களத்தில் சொல்லும்போது அவர் வாயில் எச்சில் ஊறுகிறது. நாங்களும் பயணிகளிடம் "உமாமி சம்பல்" என்று பல்லைக் காட்டிச் சொல்ல வேண்டும். தட்டில் இருப்பது என்ன? இடித்த மாசிக் கருவாடு, வெங்காயம், காரத்துக்குக் கொச்சிக்காய். போதாததற்கு, பயணிகளுக்குப் பசி கிளம்பட்டும் என்று குசினி வாசத்தைப் புல்வெளிக்குத் தள்ள ஒரு பெரிய காற்றாடி வேறு.

ஜப்பானியப் பெண்மணி ஒருவர் அந்தச் சம்பலை வழித்துச் சாப்பிட்டார். அவர்கள் வீட்டுச் சூப்புக்கு அடிப்படையே காய்ந்த மீனும் கடற்பாசியும்தான் என்றார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தங்கள் சமையலில் இருந்த ருசிக்குப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தக் குசினி மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கே வைத்துத்தானே என் சித்தியை நாறுகிறாள் என்று துரத்தினார்கள்? எந்த மொழிக்காரர் வந்து கேட்டாலும் உமாமி என்ற சொல்லைச் சிரித்த முகத்தோடு சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். சித்தி வாசலில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். துரை போய்விட்டார், காவல்காரர் செத்துப்போனார், சாக்கு மட்டும் தொங்குகிறது.

"இன்னும் யாருக்குப் பயந்து சித்தி இது?" என்று பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். சம்பல், காற்றாடி, உமாமி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள். சேற்றில் கிடந்த சாக்கை எடுத்து உதறினாள்.

"அந்தப் பேரச் சொன்னா நம்ம சீல நாறாதா புள்ள?"

கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் சாக்கை அலசிப் பிழிந்து மறுபடி தொங்கவிட்டாள். புகைக்குள் உட்கார்ந்து, இருமிக்கொண்டே சாப்பிட்டோம்.

நான் புறப்படும்போது பொழுது சாய்ந்து காற்று திரும்பியிருந்தது. மேலே பங்களாவிலிருந்து கருவாட்டு வாசம் லயம் முழுக்க இறங்கி வந்தது. அங்கே யாரும் சாக்குத் தொங்கவிடவில்லை.