தாளில் எழுதாத தொட்டில்

நாட்டின் வறுமைக்குப் பாதிக் காரணம் கூட்டுக்குடும்பம் என்று நம்பிக்கொண்டு பட்டம் பெற்றவன் நான். மீதிப் பாதியைப் பற்றி வேலை கிடைத்தபின் யோசிக்கலாம் என்று ஒத்திவைத்திருந்தேன். ஐம்பதுகளின் கடைசியில் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்து, புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலத்தை அடுத்த எங்கள் ஊருக்குத் திரும்பி, வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். என் கொள்கையைச் சோதித்துப் பார்க்க அப்போது கைக்கெட்டிய ஒரே கூட்டுக்குடும்பம் எங்களுடையதுதான்.

வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, நான் என்று மூவர். சித்தப்பா, சித்தி, ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள், ஐந்து மாதக் கைக்குழந்தையாக ஒரு மகன் என்று நால்வர். என் அக்காக்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அடுப்பு ஒன்று, உழவு மாடு ஒரு சோடி. சித்தப்பாவுக்கு மேட்டு நிலத்தில் கடலை போட ஆசை. அப்பாவுக்கோ நெல்லைத் தவிர மற்றதெல்லாம் களை. இந்தக் கருத்து வேறுபாடு நாலு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் தொடர்ந்து நடந்துவந்தது. பெண்கள் இருவருக்கும் இடையே எந்தச் சண்டையும் இல்லை என்பதில்தான் ஊருக்குப் பெரிய ஏமாற்றம்.

தை அறுவடை முடிந்ததும் சித்தப்பா தனியாகப் போவதென்று முடிவாயிற்று.

"படிச்ச புள்ள வீட்டுலதான இருக்கான், அவனே பிரிச்சு எழுதட்டும்" என்றார் அப்பா.

நான் எதிர்பார்த்திருந்த அழைப்பு அது. முழுத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். நிலம், தென்னை, வைக்கோல், அண்டா, குண்டான் என்று எதையும் விடவில்லை. அம்மி எங்களுக்கு, ஆட்டுக்கல் அவர்களுக்கு. மாட்டில் ஆளுக்கொன்று. ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் இரு தரப்பும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட அந்தப் பிரிவினையைப் பார்த்து, நாட்டையே என்னிடம் விட்டிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் சித்தி புது அடுப்பு மூட்டினாள். ஆண்கள் இருவரும் விடிந்ததும் அவரவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, ஒரே நுகத்தில் பூட்டி, ஒரு நாள் அப்பா வயலையும் மறுநாள் சித்தப்பா நிலத்தையும் உழுதார்கள். என் தாளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாசியில் கடலைக்குக் களையெடுப்பு தொடங்கியது. ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிணற்றடியில் சித்தப்பா மகளைப் பார்த்தேன். இடுப்பில் தம்பி.

"ஏன், பள்ளிக்கூடம் இல்லையா?"

"பள்ளிக்கூடம் இருக்கு. நாந்தான் இல்லை" என்றாள். "எங்காத்தா களையெடுக்கப் போயிருச்சு. முன்னாடின்னா பெரியம்மா வீட்டுல இருக்கும், தம்பிய வச்சுக்கிரும். இப்பப் பெரியம்மாவும் ஒங்க வயலுக்குப் போயிருதுல்ல?" குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, அந்தத் தாள்ல தம்பியத் தூக்குறத யாரு பக்கம் எழுதுனீங்க?"

ஒருத்தி சமைக்க, ஒருத்தி வயலுக்குப் போக, குழந்தை மடி மாறி வளர்ந்த ஏற்பாட்டுக்குப் பெயர் தொழிற்பிரிவினை. அதைப் பற்றித் தேர்வில் ஆறு பக்கம் எழுதியவன் நான். வீட்டில் அது நடந்துகொண்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

"இன்னும் பத்து நாள் வரலைன்னா பேரை எடுத்துருவேன்னு வாத்தியார் சொல்லிவிட்டுருக்காருண்ணே. பேரை எடுத்துட்டா முழுப்பரீட்சை எழுத முடியாது" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். குழந்தை என் தோளுக்கு வந்தது. பகல் முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கடலைக் காட்டில் களையெடுக்கும் சித்தியிடம் பாலுக்குக் கொண்டுபோவதும், மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்து தூங்கவைப்பதும் என் உத்தியோகம் ஆயின. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வழியை மறித்துக்கொண்டு விசாரித்தார்கள்.

"பி.ஏ. படிச்சா இந்த வேலைதான் குடுக்குறாகளாப்பா?"

"இல்லத்தா, இது டிரெயினிங்கு" என்றாள் இன்னொருத்தி.

பங்குனியில் உத்தரவு வந்தது. அன்னவாசலில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். வீடே மகிழ்ந்தது. சித்தப்பா மகள் மட்டும் புத்தகப்பையை இறக்காமல் வாசலில் நின்றாள்.

"எப்பண்ணே போகணும்?"

"வார திங்கக்கெழமை."

"பரீட்சை அடுத்த மாசந்தான்" என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில்.

என்னிடம் இருந்த ஒரே மருந்தை நாடினேன். இன்னொரு முழுத்தாளை எடுத்துக் கோடு கிழித்தேன். வயலிலிருந்து திரும்பிய அம்மா அதைப் பார்த்தாள். முற்றத்தில் அப்பாவும் சித்தப்பாவும் நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏரு பூட்டணும்னா ரெண்டு மாட்டையும் சேத்துக்கிறீக" என்றாள் அவர்களிடம். "அதுக்கு யாரும் தாள் எழுதலை. புள்ளைய மட்டும் எதுக்குக் கோட்டுக்கு அங்கிட்டு நிறுத்துறீக?" பிறகு சித்தியைக் கூப்பிட்டாள். "தொட்டில் சேலைய எடுத்துட்டு வா. எங்க உத்தரத்துல கட்டு. ஒரு நாளு நான் வயலுக்குப் போறேன், ஒரு நாளு நீ போ. வீட்டுல இருக்குறவ எல்லாத்துக்கும் சேத்து மத்தியானம் பொங்கட்டும்."

"அப்ப நம்ம பிரிஞ்சது என்னக்கா ஆகுறது?" என்றாள் சித்தி.

"அது பாட்டுக்கு ராத்திரிச் சோத்துக்கு இருக்கட்டும்."

அப்பா மாட்டைப் பார்த்து, "கடலைக் காட்டுல வேலை முடிஞ்ச பெறகுதான் எங்க வயலுக்கு வரணும்" என்றார். சித்தப்பாவுக்குச் சொன்னது அது.

திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். சித்தப்பா மகள் பள்ளிக்கூடம் போனாள்.

அவளுடைய கோடை விடுமுறையில் நான் லீவு போட்டு ஊருக்கு வந்தபோது, அலுவலகத்துக்காக ஊர் ஊராகச் சென்று நிரப்பவேண்டிய குடும்பக் கணக்கெடுப்புப் படிவங்களில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஏழாம் வகுப்புக்குத் தேறிய உரிமையில் அதையும் பென்சிலையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். தன் வீட்டையே எழுதத் தொடங்கியவள், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள்.

"மத்தியானத்துக்கு ஆறு பேரு, ராத்திரிக்கு நாலு பேரு. கட்டம் ஒண்ணுதான் இருக்கு. எதண்ணே எழுத?"

பட்டமும் அரசாங்க உத்தியோகமும் பெற்றிருந்த நான் படிவத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். விளக்கம் ஏதும் இல்லை.

"பென்சில்லயே எழுது" என்றேன்.