இரண்டு அங்குலம் உயர்த்தப் போன ஜீப்

ஸ்பிரிங் பட்டறைக்காரர் ஒருவரின் இரண்டு கைகளையும் ஒரே ஒரு சொல்லால் எரிக்கப் பார்த்தேன். அந்தச் சொல், 'இல்லை'. நடந்து மூன்று மாதம் ஆகிறது. அதிர்ச்சி தெளிந்துவிட்டது என்று சொன்னால், அது இன்னொரு பொய்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். வாங்கும்போது என் கற்பனையில் மலை, காடு, ஆறு எல்லாம் வந்துபோயின. நடைமுறையில் அது கண்ட ஒரே சாகசம், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் மனைவி வீட்டார் நிலத்துக்குப் போகும் வண்டித்தடம்தான். அங்கேயும் நடுமேட்டில் அடிவயிறு தட்டி நின்றுவிடும். பின்சக்கரங்களுக்கு மேலே வில்லாக வளைந்து வண்டியைத் தாங்க வேண்டிய எஃகுப் பட்டைகள் தட்டையாகிவிட்டன. என் முதுகு வளைய வளைய அவை நிமிர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. கழற்றி, ஒவ்வொரு பட்டையாகச் சம்மட்டியால் அடித்துப் பழைய வளைவை ஏற்றினால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்றார்கள். விருதுநகரை விட்டுச் சிவகாசி போகும் சாலையில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இதுல கம்பெனி லோடு ஏத்துனதுண்டா? மருந்து கிருந்து?"

எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் போவது. பட்டறைக்கு வரும் எல்லா வண்டிக்கும் முதல் கேள்வி இதுதான். பதிலும் ஒன்றுதான். அனுமதியில்லாத வண்டியில் மருந்து ஏற்றினேன் என்று யார் சொல்வார்கள்? 'சாப்பிட்டீகளா' என்றால் பட்டினி கிடப்பவனும் 'ஆச்சு' என்பதைப்போல, இதற்கு 'இல்லை'. ஆகவே அவர் யார் பதிலையும் நம்புவதில்லை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு நாள் போட்டுவைத்த பிறகுதான் நெருப்பும் சம்மட்டியும்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன், சற்றே மனம் புண்பட்ட குரலில். அதோடு விட்டிருக்கலாம். நான் அச்சகத்தில் வேலை பார்ப்பதையும், வெடிப் பெட்டிகளின்மேல் வரும் எச்சரிக்கை வாசகங்களைப் பிழைதிருத்துபவன் நானே என்பதையும் எடுத்துச் சொன்னேன். அன்றைக்கே வேலை முடிந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார்.

போன இரண்டு தீபாவளிச் சீசனிலும் ஜீப்பை வாங்கிக்கொண்டு போனவன் என் மச்சினன். என்ன ஏற்றினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், பிறகு நான் கவலைப்பட வேண்டியிருக்கும். திரும்பி வந்தபோது பின்தளம் மினுமினுத்தது. கழுவித் தந்திருக்கிறான் என்று மகிழ்ந்தேன்.

பட்டைகளை அச்சோடு இறுக்கியிருந்த போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. சூடுகாட்டினால்தான் வரும் என்று கேஸைப் பற்றவைத்தார். நீலச் சுடரோடு சக்கரத்தருகே குத்துக்காலிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பெனி வேன் நின்று, அவர் மனைவி இறங்கினார். பட்டாசு ஆலையில் வேலை. முழங்கை வரைக்கும் மருந்துப் பொடியின் வெள்ளிச் சாம்பல் நிறம். சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தவர் ஜீப்புக்கு அடியில் தரையில் மினுமினுப்பாக உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தார்.

"கேஸ மூடுங்க."

"சார் மருந்தே ஏத்தலங்காரு."

"மொதல்ல மூடுங்க. பெறகு சாரப் பாப்போம்."

மூடினார். போல்ட்டுக்கும் சுடருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அந்த அம்மா இரண்டு பட்டைகளுக்கு இடையே ஈர்க்குச்சியை விட்டு, கிரீஸில் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் எடுத்தார். தன் முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஒரே நிறம். எனக்கு அப்போதும் நம்ப மனமில்லை. கிரீஸ் பழசானால் அப்படித்தான் ஆகும் என்று முனகினேன். அவர் பட்டறைக்கு வெளியே கருவேல மரங்களைத் தாண்டிப் போய், குச்சியைக் கல்மேல் வைத்து, எட்ட நின்று தீயைக் காட்டினார்.

சத்தம் பெரிதாக இல்லை. வெளிச்சம்தான். பட்டப்பகலில் அப்படி ஒரு வெள்ளை. சற்று நேரம் எனக்குக் கண் தெரியவில்லை. அவ்வளவும் ஈர்க்குச்சி முனையில் இருந்தது. பட்டைகளுக்குள் இரண்டு சீசன் இருந்தது.

பட்டறைக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்ததைப்போல. கடைசியில், பின்னால் மட்டும் ஏற்றினதா, சீட்டுக்கு அடியிலுமா என்று கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி."

"இப்பத்தான் நெசம் வருது" என்றார் அந்த அம்மா. தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அன்று இருட்டும் வரை நானே கழுவினேன். சாம்பல் நிறத்தில் வழிந்துகொண்டே இருந்தது. மறுநாளும் கழுவினேன்.

மூன்றாம் நாள்தான் பட்டைகளைக் கழற்றினார். அவர் மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை. முதல் பட்டையைப் பட்டடைக் கல்லில் வைத்ததும் நான் மரியாதையாக வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போறீக சார்? கழுவுனது நீங்கதான. அவுக பக்கத்துலயே நில்லுங்க" என்றார் அந்த அம்மா.

நின்றேன். சம்மட்டி மேலே போனது.